மோதினார் வீடு – 17: இருபத்தொன்பதாம் நோன்பு

விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாடு முடிந்து, சுபுஹ் பாங்கு சொல்லக் கிளம்பிய தாஜுதீன், நிலைப்படியில் நின்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹபீபா, ஒண்ணு கேக்குறேன். ஒளிக்காம சொல்லு. அந்த வருஷம் நான் பிறை பாத்தேன்னு சொன்னேனா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஹபீபாவின் கை நின்றது.

"என்னங்க இது? இத்தினி நாளும் இல்லவே இல்லைன்னு சொன்னவரு நீங்கதானே?"

"சொன்னேன். ஆனா நாலு நாளா எனக்கே கண்ணுக்குள்ள தெரியுது. ஆத்துக்கு மேக்கால, தென்னந்தோப்புக்கு மேல, வெட்டிப்போட்ட நகம் மாதிரி மெல்லிசா. நான் பாக்காம அது எப்படித் தெரியும்?"

ஹபீபா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இத்தினி பேரு சொல்றாங்கம்மா. எல்லாரும் நம்ம புள்ளைங்க. அவங்களுக்கு எம்மேல என்ன கோவம்? எனக்குத்தான் வயசாயிருச்சு. இன்னிக்கி அசருக்கு அப்புறம் கூட்டத்துல எந்திரிச்சு, தப்பு எம்மேலதான், மன்னிச்சிருங்கன்னு சொல்லிரப் போறேன்."

அவர் இருட்டில் இறங்கிப் போனார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் பாங்கு எழுந்தது. அதில் ஒரு நடுக்கம் இருந்ததை ஹபீபா மட்டும் கேட்டாள்.

லப்பைக்குடிக்காட்டுப் பள்ளிவாசலில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பாங்கு சொல்லும் மோதினாரின் வீட்டில், இரண்டு மாதமாக நிம்மதி இல்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். துபாயிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் இணையத்தில் ஒரு குழுமம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் எழுதினால் நானூறு பேருக்குப் போகும். அதில் 'வெள்ளாற்றான்' என்ற பெயரில் யாரோ ஒரு கடிதம் எழுதினார். தொண்ணூற்றேழாம் ஆண்டு, செல்போன் கோபுரத்தின் விளக்கைப் பிறை என்று நம்பி மோதினார் ஒரு நாள் முன்னதாகவே பெருநாளை அறிவித்துவிட்டார். ஊரே ஒரு நோன்பை இழந்தது. ஜமாஅத் அதை மூடி மறைத்துவிட்டது என்றார்.

ஒரே வாரத்தில் பதினோரு பேருக்கு அது நினைவு வந்துவிட்டது. ஒருவருக்கு அன்றைய பிரியாணி வாசனை நினைவிருந்தது. இன்னொருவருக்கு உடுத்தியிருந்த சட்டையின் நிறம்.

அந்தக் கோபுரமே இரண்டாயிரத்து மூன்றில்தான் வந்தது என்று மோதினாரின் மகள் சமீரா எழுதினாள். 'அப்படியானால் அது வேறு விளக்கு' என்று பதில் வந்தது. போன வருடத்து வெள்ளத்தில் ஜமாஅத்தின் பழைய பதிவேடு ஊறிப் போய்விட்டது என்று எழுதினாள். 'பக்கத்தைக் கிழித்துவிட்டு வெள்ளத்தின் மேல் பழி போடுகிறார்கள்' என்று எழுதினார்கள். எதைச் சொன்னாலும் அதுவே இன்னொரு சாட்சி ஆனது.

கடைசியில் எண்பத்து மூன்று பேர் பெயர் போட்டு ஜமாஅத்துக்குக் கடிதம் அனுப்பினார்கள். பொய்ப் பிறை அறிவித்தவர் இனி மோதினாராக இருக்கக் கூடாது. ஜமாஅத் முடிவெடுத்தது: இன்று பிற்பகல், அசர் தொழுகைக்குப் பின் விசாரணை. பாங்கு நேரம் தவிர மற்ற நேரத்தில் மைக் அறையின் சாவி ஜமாஅத் தலைவரான முத்தவல்லியிடம். இன்று மாலை பிறை பற்றிய அறிவிப்பைத் தாஜுதீன் சொல்லக் கூடாது.

சமீரா பெரம்பலூருக்குப் பஸ் ஏறும்போது தாய் சொன்னதெல்லாம் ஒரே வரிதான்.

"உங்கத்தா தன் கண்ணையே நம்ப மாட்டேங்கறாரும்மா."



பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருக்கிறது அம்பிகாவின் பிரவுசிங் சென்டர். சமீரா அங்கே வேலை பார்க்கிறாள். காலையில் அவள் கம்ப்யூட்டரைத் திறந்ததும், வாழ்த்து மேல் வாழ்த்தாக வந்து குவிந்திருந்தது.

பின்னால் நின்ற அம்பிகா எட்டிப் பார்த்தாள்.

"ஏய், ஈத் முபாரக்னு போட்டிருக்கு? இன்னிக்கே பெருநாளா? அப்ப நீ ஏன் பச்சைத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கே?"

"அங்கதான்க்கா இன்னிக்கி. நமக்கு இன்னும் நோன்பு. அரபு நாட்டுல நமக்கு முந்தியே பிறை வந்துரும். வருஷா வருஷம் இப்படித்தான்."

சொல்லிவிட்டு, சமீரா சட்டென்று திரும்பினாள்.

"என்னடி ஆச்சு?"

"அக்கா... ஒரு நாள் முந்தி பெருநாள் கொண்டாடினது யாரு?"

இரண்டு நாளைக்கு முன் அவள் அந்தப் பதினோரு பேருக்கும் தனித்தனியே ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். வாதம் எதுவும் வைக்கவில்லை. 'அண்ணே, அந்தப் பெருநாளன்று தொழுகை எங்கே தொழுதீர்கள்? சாப்பாடு யார் பரிமாறினார்கள்?' அவ்வளவுதான். இப்போது பதில்களைத் திறந்தாள். கம்பெனி மெஸ். எட்டுப் பேர் இருந்த ரூம். அல் கூஸ் கேம்பில் பிரியாணி. பதினோரு பேரில் எட்டுப் பேர் அந்த வருடம் ஊரிலேயே இல்லை! ஊருக்கு முந்தியே பெருநாள் கொண்டாடியவர்கள் அவர்கள். பத்து வருடத்தில் அந்த நாள் அவர்கள் மனதிலிருந்து எழுந்து, கடல் தாண்டி வந்து, லப்பைக்குடிக்காட்டில் இறங்கிவிட்டது.

ஆனால் முக்கியமான சாட்சி அம்மார். குழுமத்தை நடத்துபவர். அவருடைய பதிலும் வந்திருந்தது. துபாய் தேராவில் தொழுதேன், ரூமில் சாப்பிட்டேன் என்று எழுதிவிட்டு, கீழே இப்படி முடித்திருந்தார்: 'ஆனால் மோதினார் மைக்கில் அறிவித்ததை என் காதால் கேட்டேன். ரமலானில் பொய் சொல்ல மாட்டேன்.'

பெருநாள் விடுமுறை என்பதால் அவர் அப்போதே எதிர்முனையில் இருந்தார். சமீரா தட்டினாள்.

'துபாயில் இருந்துகொண்டு நம்ம ஊர் மைக்கை எப்படிக் கேட்டீங்க அண்ணே?'

பதில் வந்தது.

'பிரசாத் ரூமில் கேட்டேன். விக்கிரமங்கலத்துப் பையன். அவங்க அம்மா பேசி அனுப்பின கேசட்டை எல்லாரும் உக்காந்து கேட்டோம். நடுவுல உங்கத்தா சத்தம் வந்துச்சு.'

சமீரா அடுத்த கேள்வியைத் தட்ட ஆரம்பித்தாள்.

'அதுலதான் கேட்டேனா?' என்று அவரே எழுதினார்.

'அத்தா அதுல என்ன சொன்னாங்க?'

'பெருநாள்னு.'

'நல்லா ஞாபகம் இருக்கா அண்ணே?'

பதிலுக்குக் காத்திராமல் சமீரா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அக்கா, எனக்கு இன்னிக்கி லீவு வேணும். அம்மாவுக்கு ஒரு போன் மட்டும் போட்டுக்கறேன்."

போனில் அவள் சொன்னது இதுதான். "அம்மா, நான் வர்ற வரைக்கும் அத்தா ஒரு வார்த்தை பேசக் கூடாது. எப்படியாவது பாத்துக்குங்க."



அரியலூர் போய், பஸ் மாறி, விக்கிரமங்கலத்தில் இறங்கும்போது உச்சி வெயில். கலியம்மாள் வீட்டு வாசலில் கடலைக்காய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பிரசாத், பம்ப்செட் வேலைக்குத் தா.பழூர் போயிருந்தான். துபாயை விட்டு வந்து ஐந்து வருடமாக அதுதான் அவனுக்குத் தொழில்.

"யாரு, பாய் மவளா? தாவணியில பாத்தது. வா தாயி, மோர் குடிக்கிறியா? அட, நோன்பா? சரி, நானும் குடிக்கலை, போ."

சமீரா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கலியம்மாள் எழுந்துவிட்டாள்.

"எவன் சொன்னான் அப்படி? பாயா பொய் சொல்லுவாரு? எந்த ஊருக்காரன் அவன்?"

"எங்க ஊருதான் பெரியம்மா."

"தூ! நல்ல ஊரு!"

பிரசாத் துபாயில் இருந்த காலத்தில், லப்பைக்குடிக்காட்டிலிருந்து யாராவது கிளம்பும்போதெல்லாம் கலியம்மாள் கேசட் கொடுத்து அனுப்புவாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு அதுதான் கடுதாசி. அந்த வருடம் அப்படி வந்தவள் கடைசி பஸ்ஸைத் தவற விட்டுவிட்டாள்.

"எங்க போவேன்னு நின்னேன். உங்கம்மாதான் கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா. கட்டிலை எனக்குக் குடுத்துட்டு அவ கீழ படுத்தா. உங்கத்தா வூட்டு டேப்புலதான் எம் புள்ளைக்குப் பேசினேன். இரு, வரேன்."

பிரசாத்தின் துபாய்ப் பெட்டிக்கு அடியிலிருந்து கேசட் வந்தது. அதன் மேல் '97 பெருநாள்' என்று பிரசாத் எழுதி வைத்திருந்தான். நாடா ஒரு முழம் வெளியே தொங்கியது.

"ஒண்ணு சொல்லிப்புடுறேன் தாயி. போன வருஷம் மாரியம்மன் திருவிழாவுல இதுல உறுமி மேளம் புடிச்சுட்டானுவ எங்க வூட்டுப் பயலுவ. எம்புட்டு அழிஞ்சுது, எம்புட்டு இருக்குதுன்னு எனக்குத் தெரியாது."

சமீராவின் முகம் வாடியது. கேட்டுப் பார்க்க அந்த வீட்டில் இப்போது டேப் இல்லை. மணி ஒன்றாகப் போகிறது.

"நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? நட. நானும் வரேன். கேசட் பேசலேன்னா நான் பேசுறேன்" என்று கலியம்மாள் கதவைச் சாத்தினாள்.

அரியலூர் வரைக்கும் சமீரா பேனாவைப் பல் சக்கரத்தில் நுழைத்து நாடாவைச் சுற்றிக்கொண்டே வந்தாள். பெரம்பலூரில் ஒரு பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனது. அடுத்ததில் ஏறினார்கள். கலியம்மாள் வழி நெடுக ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேட்டதற்கு, "பக்கத்துல ஒருத்தி காஞ்சு உக்காந்திருக்கையில எனக்கென்ன தாகம்?" என்றாள்.



அசர் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளிக்கூடத்தில் எழுபது, எண்பது பேர் கூடிவிட்டார்கள். முத்தவல்லி அப்துல் வதூத் கடிதத்தை வாசித்து முடித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எண்பத்து மூன்று பெயர்கள் அவரைப் பயமுறுத்தியிருந்தன.

"தாஜுதீன் பாய், நீங்க என்ன சொல்றீங்க?"

தாஜுதீன் எழுந்து நின்றார். பேசவில்லை. அவர் விரல்கள் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தன.

அசர் பாங்குக்குக் கிளம்பும்போது ஹபீபா அதை அவர் கையில் வைத்து அழுத்தியிருந்தாள். "முப்பது வருஷத்துல உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. மக வர்ற வரைக்கும் இதைத் தவிர வேற ஒண்ணுக்கும் வாயைத் திறக்காதீங்க." அவர் தலையசைத்திருந்தார். தலையசைத்தால் அது அவருக்குச் சத்தியம்.

"பாய், உங்களைத்தான்."

மணி உருண்டது.

"மைக் இல்லாம மோதினாருக்குச் சத்தம் வராது போல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். தாஜுதீன் கண்களை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அந்த மெல்லிய பிறை தெளிவாகத் தெரிந்தது. கேட்டுவிடலாம், மன்னிப்பைக் கேட்டு முடித்துவிடலாம் என்று உதடு பிரிந்தது.

"அத்தா!"

வாசலில் சமீரா. கையில் அவர் வீட்டு டேப் ரெக்கார்டர். அவளுக்குப் பின்னால் தாய். படியில், வியர்த்து விறுவிறுத்துக் கலியம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

"முத்தவல்லி மாமா, ஒரே ஒரு கேசட். அந்த வருஷத்து இருபத்தொன்பதாம் நோன்பு சாயங்காலம் எங்க வூட்டுல பேசினது. துபாய்ல அம்மார் அண்ணன் கேட்டது இதைத்தான்னு அவரே எழுதியிருக்காரு. அவரும் இப்ப கேக்கணும். போன் போட்டுப் பக்கத்துல வைங்க மாமா."

கூடத்தில் முணுமுணுப்பு. முத்தவல்லி சற்று யோசித்தார். பிறகு மொபைலை எடுத்து எண்களை அழுத்தி, டேப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

சமீரா பிஸ்மி சொல்லிப் பட்டனை அழுத்தினாள்.

உறுமி மேளம் இடித்தது!

கூடம் ஒரு கணம் திகைத்து, பிறகு கொல்லென்று சிரித்தது. "பெருநாள் மேளம் போல!" என்றார் அதே பின்வரிசைக்காரர். மேளம் நிற்கவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். சமீராவின் கண் நிறைந்தது. முத்தவல்லி மொபைலை எடுக்கக் கை நீட்டினார்.

பட்டென்று மேளம் அறுந்தது.

"...கேக்குதாடா பிரசாத்து? நான் இங்க மோதினாரு பாய் வூட்டுல இருக்கேன். பஸ்ஸை வுட்டுட்டேன். அவங்க கஞ்சி குடுத்தாங்க, குடிச்சேன். உங்களுக்கு இன்னிக்கே பெருநாளுன்னு கம்பெனில லீவு வுட்டாங்களாமே? இங்க எல்லாரும் இன்னும் மானத்தையே பாத்துக்கிட்டு நிக்கறாங்கடா. ஒரே மேகம். இரு, இரு, பாய் மைக்குல ஏதோ சொல்றாரு..."

கலியம்மாளின் பேச்சு நின்றது. அந்த இடைவெளியில், தூரத்து ஒலிபெருக்கியில், பத்து வருடம் இளமையான ஒரு குரல் நிதானமாக வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். அன்பான ஜமாஅத்தார்களே, இன்று மாலை நமதூரில் பிறை தென்படவில்லை. வெளியூர்களிலிருந்தும் தகவல் இல்லை. ஆகவே நாளை முப்பதாவது நோன்பு. இன்ஷா அல்லாஹ், நாளை மறுநாள் பெருநாள்."

"கேட்டியா?" என்றாள் பழைய கலியம்மாள். "உனக்கு இன்னிக்கி சோறு, அவங்களுக்கு நாளைக்கும் பட்டினி. உடம்பைப் பாத்துக்கடா."

டேப் ஓடிக்கொண்டே இருந்தது. தாஜுதீன் கண்ணைத் திறந்தார். நாலு நாளாக அவர் கண்ணுக்குள் நின்ற பிறையைத் தேடினார். அது இல்லை. அங்கே இருந்தது மேகம்தான். வெறும் சாம்பல் நிற மேகம். அவருக்கு எல்லாம் நினைவு வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அன்று கூட்டத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

மொபைலிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. "மாமு... இதைத்தான் கேட்டேன். இதே சத்தம்தான். நாம பெருநாள் சோறு சாப்பிட்டப்ப ஊர்ல இன்னும் நோன்பாம்னு சொல்லிச் சிரிச்சோம் மாமு. அதை எப்படி மாத்தி வச்சுக்கிட்டேன்னே தெரியலை. மன்னிச்சிருங்க."

"உம்மேல தப்பு இல்லப்பா" என்று தாஜுதீன் குனிந்து சொன்னார். "நானே மாத்தி வச்சுக்கிட்டேன். உன்னைச் சொல்ல எனக்கு வாய் ஏது?"

பின்வரிசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வந்தார். தாஜுதீனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு வரிசையாக எல்லோரும். முத்தவல்லி, ஜிப்பாப் பையிலிருந்து மைக் அறைச் சாவியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதை நான் வாங்கியே இருக்கக் கூடாது பாய்."

படியிலிருந்து ஒரு குரல் அதட்டியது. "சாவி குடுத்தது இருக்கட்டும். அந்தப் பொண்ணு காலையிலேருந்து அலைஞ்சிருக்கா, நோன்பு வேற. அவளுக்கு உக்கார ஒரு பாயைப் போடுங்கப்பா!"

அன்று ஓர் ஏழைத் தாய்க்குக் கட்டிலை விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்தாள் ஹபீபா. அந்தக் கட்டில் ஒரு நாள் தன் கணவரைத் தாங்கும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். நன்மையை விதைத்தவர் மறந்தாலும் இறைவன் மறப்பதில்லை.



நோன்பு திறந்து, மக்ரிப் தொழுது, ஊரே ஆற்றங்கரையில் போய் நின்றது. மேற்கே மேகம் திரை போட்டிருந்தது. பிள்ளைகள் தென்னை மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் எட்டிப் பார்த்தார்கள். "காட்டு அல்லா, காட்டு!" என்று ஒரு பெண் குழந்தை கெஞ்சியது. திருச்சிக்கும் சென்னைக்கும் போன் போனது. எங்கும் இல்லை.

தாஜுதீன் சாவியைப் போட்டு அறையைத் திறந்தார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். வீட்டு முற்றத்தில் ஹபீபாவும் கலியம்மாளும் சமீராவும் வேலையை நிறுத்தினார்கள்.

"அன்பான ஜமாஅத்தார்களே, இன்று மாலை நமதூரில் பிறை தென்படவில்லை. ஆகவே நாளை முப்பதாவது நோன்பு."

காலையில் இருந்த நடுக்கம் அந்தக் குரலில் இல்லை. புதுச் சட்டையை எடுத்து வைத்திருந்த பிள்ளைகள் தெருவில் "அய்யோ!" என்று கத்தினார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள். இத்தனை சந்தோஷமாக இன்னொரு நாள் பசியை அந்த ஊர் வரவேற்றதே இல்லை.

"அதே சொல்லு, அச்சு மாறாம" என்றாள் கலியம்மாள். "கேசட்டே தேவையில்ல போ."

தாஜுதீன் வீட்டுக்கு வந்து உட்காரவும் போன் மணி அடித்தது. அம்மார். சமீரா எடுத்தாள்.

"குழுமத்துல எழுதிட்டேம்மா. நடந்தது பூராவும். பதினோரு பேருல ஒம்போது பேரு இப்பவே மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்காங்க."

"அண்ணே, அந்த முதல் கடுதாசி எழுதின வெள்ளாற்றான் யாரு?"

எதிர்முனையில் குரல் தணிந்தது.

"இன்னிக்கி மத்தியானம் அவரு எனக்குப் போன் பண்ணினாரும்மா. உங்களுக்கு ரொம்ப வேண்டியவரு. பேரை என் வாயால சொல்ல மாட்டேன். ராத்திரி ப்ளைட்டு ஏறுறாரு. பெருநாளன்னிக்கி உங்க வாசல்ல வந்து நிப்பாரு. கதவை மட்டும் சாத்திராதீங்க."

சமீரா ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ரொம்ப வேண்டியவர். அவள் மனதில் ஒவ்வொரு முகமாக வந்து போனது. விஷயத்தைக் கேட்டதும் ஹபீபாவுக்கு வெடித்துவிட்டது.

"யாருன்னு இப்பவே தெரிஞ்சாகணும். கேளுங்க அந்த அம்மாருகிட்ட! இந்த வூட்டுல ரெண்டு மாசம் ஒருத்தரும் தூங்கல."

தாஜுதீன் தஸ்பீஹைச் சுருட்டி அவள் கையில் திருப்பி வைத்தார்.

"வேணாம் ஹபீபா. பேரு தெரிஞ்சா சோறு போட மனசு வருமோ வராதோ. தெரியறதுக்கு முந்தியே ஒரு ஆளுக்குச் சேர்த்து உலை வச்சிரு."

அவள் தஸ்பீஹை மாடத்தில் வைத்தாள். பிறகு உள்ளே போய், பெருநாளுக்கு எடுத்து வைத்திருந்த அரிசியில் இன்னும் ஒரு ஆழாக்கு அளந்து கொட்டினாள்.